நேரில் பார்த்த சாட்சி

போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரேதான் அவருடைய இஸ்திரி வண்டி. ஏட்டு வெற்றுத்தாளை நீட்டினால், கரிக்கையைக்கூடத் துடைக்காமல் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அன்று காலையும் போட்டார்.

"எதுக்குன்னு கேக்க மாட்டீங்களாண்ணே?" துணி வாங்க வந்தவர் கேட்டார்.

"எவன் தலையெழுத்தோ, நமக்கென்ன?"

சாயங்காலம் மனைவி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். "நம்ம பையன புடிச்சுட்டுப் போயிட்டாங்க! கொலை கேஸாம்!"

விழுந்தடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குள் ஓடினார். "ஐயா, என் பையன் கத்தியத் தொட்டதுகூட இல்லீங்க!"

புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் உதட்டைப் பிதுக்கினார். "ஒளிச்சு வெச்ச கத்திய அவனே எடுத்துக் குடுத்திருக்கான். நேர்ல பாத்தவரு கையெழுத்து போட்டிருக்காரு. முப்பது கேஸ்ல சாட்சி சொன்னவராம், ஒரு தடவகூட மாத்திப் பேசினதில்லையாம்."

தாளைத் திருப்பிக் காட்டினார்.

கையெழுத்தின் ஓரத்தில், காலையில் துடைக்காத கரி விரல் ரேகையோடு பதிந்திருந்தது.