முதல் நாள் கணக்கு

உயிர்த்தகவலியல் பயிற்சியின் முதல் நாள். பெயர் சொல்லாமல் ஒருவரின் மரபணு வரிசையையும் ஆயுளைக் கணிக்கும் சூத்திரத்தையும் திரையில் போட்டார் யாழிசை மேடம்.

"இவங்க எந்த வயசுல இறப்பாங்க? கண்டுபிடிங்க."

நான்தான் முந்திக்கொண்டேன். "நாற்பத்தாறு!" என்று கத்தினேன். வகுப்பே கைதட்டியது.

"சரியான விடை. இது என்னோடது" என்றார் மேடம். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ சிரித்தார். "இனிமே எந்த நோயாளி வீட்டுலயும் முடிவை இப்படிக் கத்திச் சொல்லமாட்டீங்க. சரி, அடுத்த பாடம். இந்த விடையைத் தப்பாக்கணும்."

எத்தனையோ கம்பெனிகள் கூப்பிட்டும் எங்கள் பேட்சில் ஒருவர்கூடப் போகவில்லை. அவருடைய ஆயுளைக் குறைக்கும் அந்த ஒரு மரபணுவோடு மல்லுக்கட்டிக்கொண்டு அதே ஆய்வகத்தில் கிடந்தோம்.

நேற்று மேடம் கேக் வெட்டினார். "நாற்பத்தேழு!" என்று முதலில் கத்தியதும் நான்தான்.