சுத்தமான பதிவு

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியரின் அறையில், அலமாரி நிறைய அடுக்கிய கேசட்டுகளின் மேல் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. எல்லாமே ஊர்வலங்களின் பின்னாலேயே ஓடி அவர் பதிந்த பேண்டு வாத்திய இசை. மகள் அவற்றை இரைச்சல் நீக்கி, கணினிக்கு மாற்றி அனுப்பியிருக்கிறாள். ட்ரம்பெட் கணீரென்று ஒலிக்கிறது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார். அவர் காத்திருந்த இடத்தில் முரசு மட்டும் அடித்துவிட்டுப் போகிறது. பதியும்போது மனைவி குறுக்கே பேசிக் கெடுத்துவிட்டாள் என்று அன்று வந்த கோபத்தில், விடைத்தாள் திருத்தும் சிவப்பு மையால் 'பழுது' என்று தாமே எழுதிவைத்த கேசட்டை எழுந்துபோய்த் தேடிப் போடுகிறார். முரசுக்கு நடுவே, இப்போது இல்லாத அவள் சலித்துக்கொள்கிறாள்: "போதும், வாங்க. எனக்குக் கால் கடுக்குது." நாடாவைப் பின்னுக்குச் சுற்றுகிறார். கைபேசி அடிக்கிறது, மகள்தான். "கேட்டீங்களாப்பா? எப்படி இருக்கு?" "ரொம்பச் சுத்தமா இருக்கு, கண்ணு" என்கிறார், பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல்.