வௌவால் மேனேஜர்

"இந்த ஆபீஸ்ல வேலை பார்க்கறதுக்கு வௌவாலாப் பொறந்திருக்கலாம்யா!"

சீறியவர் சீனியர் டிராஃப்ட்ஸ்மேன். பட்டப்பெயர் 'வைட்டமின்'. யார் தும்மினாலும் ஒரு வைட்டமின் பெயரைச் சொல்லாமல் விடமாட்டார்.

எல்லாம் புது மேனேஜரால் வந்த வினை. ஹாலில் சுற்றிலும் கண்ணாடி ஜன்னல். மனுஷன் காலையிலேயே அத்தனை திரையையும் இழுத்து மூடிவிடுவார். கேட்டால், "எனக்குக் கண் கூசுது" என்பார்.

"கூசற கண்ணை வெச்சுக்கிட்டு அவர் ரூம்ல மட்டும் திரை திறந்திருக்கு. ஊருக்குத்தான் உபதேசமா? வைட்டமின் டி இல்லேன்னா நம்ம எதிர்ப்பு சக்தி என்னத்துக்கு ஆகும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். புதிதாகச் சேர்ந்த, வரைபடம் போடும் பெண் மட்டும் நிமிரவே இல்லை.

"சரியான ஜால்ரா" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அன்றைக்கு முதலாளி வந்திருந்தார். வைட்டமின் விடுவாரா? மேனேஜரை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

"ஒண்ணு இவர் இருக்கணும், இல்லே நாங்க இருக்கணும் சார்!"

முதலாளி மேனேஜரிடம் திரும்பினார். "சரியான காரணம் சொல்லுங்க. இல்லேன்னா உங்களை வேற கிளைக்கு மாத்த வேண்டியிருக்கும்."

"மாத்திடுங்க சார். எனக்குக் கண் கூசுது, அவ்வளவுதான்." மனுஷன் அசரவில்லை.

"போதும் சார்!"

வரைபடப் பெண் எழுந்து நின்றாள்.

"அவர் கண்ணுக்கு ஒண்ணுமில்லை. நோய் எனக்குத்தான். லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும். காவல்காரனே வீட்டுக்காரனை அடிக்கிற கதை. வெயில் பட்டா அவனுக்கு வெறி ஏறிடும். வேலை நிரந்தரமாகிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நான்தான் சார்கிட்ட அழுதேன்."

வைட்டமின் தலையைச் சொறிந்தார். "அப்போ... வைட்டமின் டி?"

"டாக்டர் மாத்திரையாத் தர்றார் அண்ணே. காவல்காரனை அடக்க அதுவும் கொஞ்சம் உதவுமாம். கண்ணாடி வழியா வர்ற வெயில்ல உங்களுக்கும் அது கிடைக்காது; எனக்கு ஆகாத கதிர் மட்டும் உள்ளே வந்துடும்."

முதலாளி அவளையே பார்த்தார். "வேலையை ஒழுங்காப் பார்க்கறியா?"

"பார்க்கறேன் சார்."

"அப்புறம் என்ன? போய்ப் பாரும்மா. இந்த வேலை உனக்குத்தான்."

வைட்டமின் போய், சற்று விலகியிருந்த கடைசித் திரையைத் தன் கையாலேயே இழுத்து மூடினார்.

மேனேஜருக்குத்தான் கோபம் தீரவில்லை.

"ஏம்மா சொன்னே? என்னைத் திட்டிக்கிட்டே எல்லாரும் நிம்மதியா வேலை பார்த்துக்கிட்டு இருந்தாங்களே!"