தலைக்கு நான்கு வாளி

எட்டு வயதுக் குழந்தைகள் உட்காரும் நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார்கள். முழங்கால் இரண்டும் மார்பை முட்டின.

எதிரே மூன்றாம் வகுப்பு ஆசிரியை. பக்கத்தில் என் மகள். சுவரில் ஒரு பெரிய பட்டை வரைபடம்.

“சின்ன விஷயம்தான் சார். போன்லயே சொல்லியிருப்பேன்,” என்றார் ஆசிரியை.

சொல்லியிருக்கலாம். நான் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வகுப்பில் பருவநிலைத் திட்டம் நடக்கிறது. இந்த மாதம் தண்ணீர். வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வாளி செலவாகிறது என்று ஒவ்வொரு குழந்தையும் ஒரு வாரம் எண்ண வேண்டும். அதை வீட்டிலுள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எந்த வகுப்பின் சராசரி குறைவோ அந்த வகுப்புக்கு நீலக் கொடி. வருடம் முடியும்வரை அது அவர்கள் வாசலில் தொங்கும்.

எனக்கு இது நன்றாகவே தெரியும். ஒரு வாரமாக நான் நிம்மதியாகக் குளிக்கவில்லை. மகள் குளியலறைக் கதவுக்கு வெளியே நோட்டும் பென்சிலுமாக நின்றுகொண்டு, “அப்பா, இது ஒன்பதாவது மக்,” என்பாள். தலையில் சோப்பு நுரையோடு, வரி அதிகாரிக்குப் பதில் சொல்பவனைப்போல் நிற்பேன்.

போன மாதம் மின்சாரம். நான் உட்கார்ந்திருக்கும் அறையிலேயே மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போவாள். அதற்கு முந்தைய மாதம் மரம். தேநீர் குடிக்க வீட்டில் ஒரு டம்ளர் மிஞ்சவில்லை. எல்லாவற்றிலும் ஏதாவது முளைத்துக்கொண்டிருந்தது.

“நம்ம வகுப்புதான் முதல்ல நிக்குது சார். பக்கத்து வகுப்பைவிட ஒரே ஒரு மக் தண்ணி கம்மி. எல்லாம் இவளாலதான். பசங்க இவளை வாட்டர் இன்ஸ்பெக்டர்னுதான் கூப்பிடறாங்க.”

வாட்டர் இன்ஸ்பெக்டர் தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரைபடத்தில் அவளுடைய நீலப் பட்டைதான் எல்லாவற்றிலும் குள்ளம். தலைக்கு நான்கு வாளி. அடியில் பென்சிலில் எழுதியிருந்தது: 12 ÷ 3 = 4.

ஆசிரியை அந்த மூன்றின்மேல் விரலை வைத்தார். எடுத்துவிட்டார்.

விளக்கம் தேவைப்படவில்லை. என் மனைவி இறந்து எட்டு மாதமாகிறது. வீட்டில் இரண்டு பேர். பன்னிரண்டை இரண்டால் வகுத்தால் ஆறு.

ஒரு கட்டுமான நிறுவனத்தில், அடுத்தவர் போட்ட கணக்கைச் சரிபார்ப்பது என் வேலை. மனத்திலேயே போட்டுப் பார்த்தேன். நான்கு ஆறானால், வாளிக்குப் பதினைந்து மக் வீதம், வகுப்பின் இருபத்துநான்கு பிள்ளைகளின் சராசரி ஒரு மக்கைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஏறும். கொடி பக்கத்து வகுப்புக்குப் போய்விடும்.

“நானே மாத்தியிருப்பேன் சார். மூணுதான்னு ஒரே பிடிவாதம். ரொம்ப வற்புறுத்தவும் மனசு வரல.”

அந்தக் குரல் எனக்குப் பழக்கம். வங்கியில், மருந்துக்கடையில், மாடிப்படியில் எல்லோரும் இப்போது என்னிடம் அந்தக் குரலில்தான் பேசுகிறார்கள். தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல.

“எத்தனை பேரால வகுக்கணும்?” என்று மகளைக் கேட்டேன்.

“கணக்கு சரியாத்தான் இருக்கு.”

“நான் அதைக் கேக்கல.”

“மூணு வாட்டி போட்டுப் பார்த்தேன்பா. நாலுதான் வருது.”

ஒரு முழம் நீலத் துணிக்காக அம்மாவைக் கணக்கில் சேர்த்துக்கொண்டுவிட்டாள் என்று தோன்றியது. தோன்றியதும் கோபம் வந்தது. இந்த எட்டு மாதத்தில் எனக்கு அழுகை வரவில்லை, பசிகூட ஒழுங்காக வரவில்லை. வந்தது இதுதான்.

“ஜெயிக்கிறதுக்காக என்ன வேணா எழுதுவியா?”

அவள் காது இரண்டும் சிவந்தன.

சரி, அந்தப் பன்னிரண்டு வாளியாவது நிஜமா என்று பார்த்துவிடலாம். அவள் பையிலிருந்து திட்ட ஏட்டை எடுத்தேன். நாளைக்குத்தான் அதை ஆசிரியையிடம் ஒப்படைக்க வேண்டும். அட்டையைத் திறந்தேன். முதல் பக்கம், பெற்றோர் நிரப்ப வேண்டியது.

அவள் சட்டென்று உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

“இதுல ஒண்ணுமில்லப்பா. உள்ள பாரு.”

விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன்.

‘வீட்டிலுள்ளோர் எண்ணிக்கை’ என்ற கட்டத்தில் 3. பேனா மை. உச்சி தட்டையான 3. யாரும் அதை எட்டு என்று படித்துவிடக் கூடாது என்பதற்காக, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் போடுகிற 3. கீழே என் கையெழுத்து. தேதி, போன திங்கட்கிழமை.

கட்டத்துக்குள் காகிதம் நைந்திருந்தது. ரப்பரால் தேய்த்துப் பார்த்திருக்கிறாள். மை போகவில்லை.

ஆசிரியை என்னவென்று பார்க்க மேசைமேல் சாய்ந்தார்.

மகள் என் கையைத் தள்ளிவிட்டு ஏட்டை மூடினாள்.

“நான்தான் டீச்சர் தப்பாப் போட்டுட்டேன். ஆறுன்னு மாத்திக்குங்க.”