குத்தூசி சொன்ன சுத்தம்

அரிசி மண்டியில் ஒரு குத்தூசி இருந்தது. மூட்டைக்குள் நுழைந்து, ஒரு பிடி அரிசியோடு வெளியே வந்து, அது "சுத்தம்" என்று சொல்லிவிட்டால் போதும், லாரியில் ஏற்றிவிடுவார்கள். அதில் அதற்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்றைக்கும் அடுக்கின் முன்வரிசையில் பத்து மூட்டைகளைக் குத்திப் பார்த்துவிட்டு, "இருநூறு மூட்டையும் சுத்தம். ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்" என்றது. லாரி பாதி நிறைந்தபோது பின்வரிசை மூட்டை ஒன்று கிழிந்து கொட்டியது. அரிசியைவிட வண்டுதான் அதிகம்.

"நான் குத்தின பத்துல ஒரு வண்டுகூட இல்லையே" என்றது குத்தூசி.

"எப்படிண்ணே இருக்கும்?" என்றது கொட்டிய குவியலிலிருந்து ஒரு வண்டு, மீசையைத் துடைத்துக்கொண்டே. "நீங்க என்னைக்காவது கைக்கு எட்டுற முன்வரிசையை விட்டு நகர்ந்திருக்கீங்களா? அங்க யாரும் குடியேறக் கூடாதுன்னு பாட்டன் காலத்துலயே எங்களுக்கு ஊர்க்கட்டுப்பாடு."

குத்தூசி கேட்டது: "அப்ப, போன மாசம் அதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினது?"

"எங்க பெரியப்பா குடும்பம் மொத்தமும் அதுலதாண்ணே போச்சு. போய்ச் சேர்ந்த தகவல்தான் இன்னும் வரல."