மலையோரப் பக்கம்

ஞாயிறுதோறும் நானும் என் கணவர் இளவரசனும் சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களைப் பார்க்கக் கிளம்பிவிடுவோம். இந்த முறை கொஞ்சம் தூரம், திருவண்ணாமலை. அடி அண்ணாமலையில் செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு, உச்சி வெயிலில் கிரிவலப் பாதையில் நடந்தோம்.

மலையைப் படமெடுக்க நான் வலப்பக்கம் போனதும் இளநீர் விற்கும் அம்மா சத்தம் போட்டார். "இந்தாண்ட வாங்கம்மா! மலையோரமா சித்தருங்க நடக்குற எடம். நாம எடப்பக்கந்தான் நடக்கணும்."

வந்திருப்பேன். ஆனால் அங்கே தார் சுடவில்லை. மரமில்லை, மேகமில்லை, என் காலடி மட்டும் ஜில்லென்றிருந்தது. நின்று பார்த்தேன். குளிர்ச்சி முன்னே நகர்ந்துபோக, கால் சுட்டது. இரண்டடி வைத்தேன். அது எனக்காக நின்றிருந்தது.

இளவரசன் பக்கத்தில் வந்து கால் வைத்துப் பார்த்தார். "நெருப்பா சுடுது. வா, போலாம்."

திரும்பினோம். கார் வரைக்கும் என் கால் சுடவே இல்லை.

பின்கதவைத் திறந்து பையை வைத்தேன்.

"கதவ சாத்து, கெளம்பலாம்" என்றார்.

"இருங்க, ஏறட்டும்" என்றேன்.

காலடியில் தரை சுட ஆரம்பித்ததும், கதவை மெதுவாகச் சாத்தினேன்.