காற்றை மூடினால்

தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரங்களுக்குக் காற்று சிலிண்டர் விற்கும் கடைக்காரருக்கு வாய்தான் மூலதனம். வந்து நின்ற பெண் ஏதோ சின்னப் பட்டறைக்கு முதலாளி என்று பார்த்தவுடனே முடிவு கட்டிவிட்டார்.

“பிரஸ்ஸுக்குத்தானேம்மா? கண்ண மூடிக்கிட்டு இத எடுங்க. இறக்குறதுக்கும் காத்து, ஏத்துறதுக்கும் காத்து. வேலை பறக்கும்.”

“அந்த இன்னொண்ணு?”

“அது பழைய மாதிரி. இறக்க மட்டும்தான் காத்து. உள்ள இருக்கிற ஸ்பிரிங்தான் ஏத்தும்.”

அவள் இரண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள்.

“பிரஸ் கீழ இறங்கியிருக்கும்போது காத்த மூடிட்டா?”

“ஸ்பிரிங் இருந்தா தானா மேல போயிடும்.”

“இதுல?”

“இதுல எப்படிப் போகும்? தூக்குறதுக்கும் காத்து வேணுமே. இறங்கினது இறங்கினபடியே கிடக்கும்.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள். “சரிங்க, நான் வரேன்.”

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. “ஒண்ணும் வாங்கலன்னா, எதுக்கும்மா இவ்வளவு நேரம் என் உயிர வாங்கினீங்க?”

வாசலுக்குப் போனவள் திரும்பினாள்.

“நானும் எங்க வீட்டுக்காரரும் ஒரே பட்டறையிலதான் வேலை. பழைய சிலிண்டர் இருந்தப்ப, பிரஸ்ல யாராவது மாட்டினா, உடனே ஓடிப்போய் காத்த மூடுவோம், ஆள் வெளிய வந்துடலாம். சிலிண்டர மாத்தினது எனக்குத் தெரியாது. அவர் மாட்டினப்ப நான்தான் ஓடினேன். ‘மூடாத, மூடாத’ன்னு கத்தினார். அதுதான் அவர் கடைசியாப் பேசினது. வலியில உளறுறார்னு நினைச்சு, இன்னும் இறுக்கி மூடினேன்.”